ஆளுக்கொரு குறை

மதுக்கரை போகும் சாலையில் இருக்கும் கருப்பாத்தாள் சுகாதார அறிவியல் கல்லூரி, நியாயமாகப் பார்த்தால் ஒரு மோட்டார் பம்பிலிருந்து பிறந்தது. பாலுசாமி அவர்களின் பம்ப் கம்பெனி நன்றாக ஓடியது. வந்த லாபத்தை எதிலாவது கட்டியாக வேண்டும். கல்யாண மண்டபம் ஏற்கெனவே கட்டியாகிவிட்டது. எனவே தம் தாயார் பெயரில் நர்சிங்குக்கும் மருந்தாளுநர் படிப்புக்கும் ஒரு கல்லூரியும், பிள்ளைகள் தொழில் பழக ஓர் ஆஸ்பத்திரியும் எழுப்பினார். வாசலில் தாயாருக்குச் சிலை, சிலைக்கு முன்னால் நீரூற்று. நீரூற்றைப் பீய்ச்சியது அவர் கம்பெனிப் பம்ப்தான்.

தொண்ணூற்றேழாம் வருஷம் பம்ப் கம்பெனிக்குத் தரச் சான்றிதழ் கிடைத்தது. கோயமுத்தூரில் அப்போது அது ஒரு காய்ச்சல். சான்றிதழ் வாங்கியவர்கள் கேட்டுக்கு மேலே ஆளுயர எழுத்தில் எழுதி வைத்தார்கள். வாங்காதவர்கள் அந்தப் பக்கம் பார்க்காமல் கார் ஓட்டினார்கள். பம்புக்கு வந்த மரியாதை கல்லூரிக்கும் வர வேண்டும் என்று பாலுசாமி ஆசைப்பட்டார். பெங்களூரில் நிர்வாகம் படித்துவிட்டு வந்திருந்த மருமகள் நந்திதாவிடம் அந்தப் பொறுப்பை ஒப்படைத்தார். தர மேம்பாட்டு இயக்குநர் என்று அவருக்கொரு பதவியும், அதுவரை துடைப்பங்கள் இருந்த ஓர் அறையும் கிடைத்தன.

சான்றிதழ் தருகிறவர்கள் வாடிக்கையாளரின் கருத்தைக் கேட்பார்கள். கல்லூரியில் வாடிக்கையாளர் யார் என்று ஒரு முழு மத்தியானம் கூட்டம் நடந்தது. நோயாளி என்றார் முதல்வர் டாக்டர் கதிர்வேல். நந்திதா ஒத்துக்கொள்ளவில்லை.

“ஃபீஸ் கட்டறது ஸ்டூடண்ட்ஸுங்க. நோயாளிங்க வெறும் மெட்டீரியல்,” என்றார். மெட்டீரியலுக்காக யாரும் வாதாடவில்லை.

ஆக, மாணவ மாணவியர் ஆசிரியர்களை மதிப்பிட ஒரு படிவம் அச்சானது. நோக்கம் உயர்ந்தது. ஆசிரியர் மாணவருக்குச் சொல்லும் திருத்தங்கள் மேம்பட வேண்டும், அதற்கு மாணவர்கள் ஆசிரியருக்குத் திருத்தம் சொல்ல வேண்டும். ஒவ்வோர் ஆசிரியர் பெயருக்கு எதிரேயும் கொஞ்சம் வெற்றிடம். பெயர் போட வேண்டாம், பயப்படாமல் எழுதலாம்.

பிள்ளைகள் எழுதினார்கள். எல்லா ஆசிரியருக்கும் எதிரே எல்லாரும் எழுதியது ஒன்றுதான்: “நல்லாருக்குதுங்க.” உடற்கூறியல் ஆசிரியர் பணியிடம் அப்போது காலியாக இருந்தது. ஆள் எடுத்தபின் பெயர் சேர்த்துக்கொள்ளலாம் என்று பதவியை மட்டும் அச்சிட்டிருந்தார்கள். அவரும் நல்லாருக்கிறார் என்றே முடிவு வந்தது. ஒரு மாணவி கூடுதல் மரியாதையாக, “குரல் தெளிவாக உள்ளது” என்று எழுதியிருந்தாள்.

பாலுசாமி எல்லாரையும் அரங்கத்தில் கூட்டினார்.

“ஏனுங்க, நம்ம கம்பெனில ஒரு நாளைக்கு ஒரு பம்பாச்சும் ரிஜெக்ட் ஆகோணும். ஆகலீன்னா பம்பு நல்லாருக்குதுன்னு அர்த்தம் இல்லீங்க, செக்கிங் பண்றவன் தூங்கறான்னு அர்த்தம். இங்க இத்தன வாத்தியாருங்க இருக்கறீங்க, ஒரு ரிஜெக்ட் கூடவா இல்ல? எனக்கே நம்பிக்கை வர்லீங்களே. உங்களையெல்லாம் வேலைக்கு எடுத்தவன் நானுங்க.”

ஆசிரியர்கள் கை தட்டினார்கள். அன்றே சுற்றறிக்கை வந்தது. அடுத்த சுற்றில் ஒவ்வொரு மாணவரும் ஏதாவது ஓர் ஆசிரியரைப் பற்றி ஒரு குறையாவது எழுதியே ஆக வேண்டும். குறை எழுதாதவருக்குப் பரீட்சைக்கு ஹால் டிக்கெட் கிடையாது.

இரண்டாம் வருஷம் நர்சிங் படித்த அன்புச்செல்விக்கு இது பெரிய சோதனையாகிவிட்டது. அன்னூர்க்காரி. தோட்டங்காட்டில் கூலி வேலைக்குப் போய்த்தான் அவளுடைய அப்பா அம்மா அவளைப் படிக்க வைத்தார்கள். குடும்பத்திலேயே வெள்ளைக் கோட்டு போட்ட முதல் ஆள் அவள். ஹால் டிக்கெட்டை விட முடியாது. யாரையாவது குறை சொல்லியாக வேண்டும். ஆனால் யாரை?

மருந்தியல் பாலகோபால் சாரைச் சொல்லலாம். பல வருஷத்துக்கு முன் எழுதிய நோட்ஸைப் படித்துக்காட்டுவதுதான் அவர் பாடம். நோட்டில் கறை பட்ட இடம் வந்தால் “இங்க கொஞ்சம் வுட்டுருங்க” என்பார். ஆனால் உள்மதிப்பெண் அவர் கையில். சத்துணவியல் வெங்கடம்மாள் மேடம் பாடமே எடுப்பதில்லை. ஆனால் அவர்தான் விடுதி வார்டன், ஞாயிற்றுக்கிழமை யார் ஊருக்குப் போகலாம் என்பது அவர் வாயில் இருந்தது. இப்படி ஒவ்வொருவரிடமும் ஒரு பிடி இருந்தது. ஒரு பிடியும் இல்லாமல், வெறுமனே சொல்லிக்கொடுக்க மட்டும் தெரிந்தவர் ஒரே ஒருவர், வார்டு டீச்சர் மெர்சி.

மெர்சி போத்தனூர்க்காரர். அப்பா ரயில்வேயில் கார்டாக இருந்தவர். மெர்சிக்கு வேலை நிரந்தரமில்லை, வருஷா வருஷம் ஜூன் மாதத்தில் புதுப்பிக்கிற ஒப்பந்தம். பிள்ளைகள் நோயாளிக்கு ஊசி போடும்போது பக்கத்திலேயே நிற்பார். இடுப்பில் ஊசி தவறான இடத்துக்குப் போவது தெரிந்தால், போடுகிறவளின் மணிக்கட்டில் ஒரு தட்டு விழும். “மேல, வெளிப்பக்கம் கண்ணு,” என்பார். கை தானாக மேலே போகும். உட்பக்கம் போனால் அங்கே ஓடும் பெரிய நரம்பில் பட்டுக் கால் மரத்துவிடும் என்று வகுப்பில் சொன்னதைப் பிள்ளைகள் மறந்தார்கள். தட்டு வாங்கிய மணிக்கட்டு மறக்கவில்லை.

ஞாயிறு டூட்டிக்கு ஃபிளாஸ்க் நிறைய டீ கொண்டுவருவார். பிள்ளைகள் முகத்துக்கு நேராகவே சொல்வார்கள்: “டீச்சர், சர்க்கர பத்தலீங்க.” சிரித்துவிட்டு அடுத்த வாரம் கூடப் போட்டுக்கொண்டு வருவார்.

அந்தப் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஒறம்பரையாக, அதாவது விருந்தாளியாக, ஒரு வீட்டுக்குப் போனால், குழம்பில் உப்பே இல்லாவிட்டாலும் “நல்லாருக்குதுங்க” என்று சொல்லி இன்னொரு கரண்டி வாங்கிக்கொள்ள வேண்டும். உப்பில்லை என்று சொல்கிற உரிமை தன் வீட்டில்தான். அன்புச்செல்வி யோசித்துப் பார்த்ததில், அந்தக் கல்லூரியில் உரிமையோடு ஒரு வார்த்தை சொல்லக்கூடிய ஆள் மெர்சி டீச்சர்தான். அவர் தப்பாக நினைக்க மாட்டார். எனவே எழுதினாள்: “மெர்சி டீச்சர் நோயாளி முன்னாடியே மணிக்கட்டில் தட்டுகிறார். கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது.”

மடித்ததைப் பெட்டியில் போடுமுன் ஒரு முறை பிரித்துப் படித்தாள். டீச்சர்தானே என்று தன்னைச் சமாதானம் செய்துகொண்டு போட்டாள். தப்பாக எடுத்துக்கொள்ளாதவர்கள் தலையில்தான் ஊரிலுள்ள தப்பெல்லாம் போய் விழும் என்பது நர்சிங் பாடத்திட்டத்தில் இல்லை.

முடிவை அறிவிக்க மறுபடியும் அரங்கம் கூடியது. நந்திதா திரையில் ஒரு வரைபடம் காட்டினார். ஒவ்வோர் ஆசிரியருக்கும் ஒரு வண்ணக் கட்டை. பாலகோபாலுக்குக் கட்டையே இல்லை. வெங்கடம்மாளுக்கும் இல்லை. இன்னும் எடுக்கப்படாத உடற்கூறியல் ஆசிரியருக்கும் இல்லை. மெர்சியின் சிவப்புக் கட்டை மட்டும் திரையைத் தாண்டிச் சுவரில் ஏறியது. ஒவ்வொரு பிள்ளையும் தான் ஒருத்திதான் எழுதுகிறோம் என்று நினைத்து, அதே நம்பிக்கையில், அதே ஆளைப் பற்றி எழுதியிருந்தாள்.

உயரமான கட்டையைப் பார்த்ததும் பாலுசாமி எழுந்துவிட்டார். விற்பனை வரைபடம் பார்த்தே பழகிய கண். “ஆரும்மா அது மெர்சி? மேல வாங்க,” என்று கூப்பிட்டு, தமக்குப் போர்த்தியிருந்த பொன்னாடையை எடுத்து மெர்சிக்குப் போர்த்தினார். அரங்கம் கை தட்டியது. நந்திதா ஓடிவந்து மாமனார் காதில் விஷயத்தைச் சொன்னார்.

பாலுசாமி பொன்னாடையை எடுக்கக் கை நீட்டி, பாதியில் இழுத்துக்கொண்டார்.

“போத்துனதத் திருப்பி வாங்கறது மரியாதை இல்லீங்க,” என்றார் கடைசியில். “அது இருக்கட்டும். உங்க மேல விசாரணை வெச்சிருக்குதுங்க அம்மணி.”

மெர்சி பொன்னாடையோடு மேடையிலிருந்து இறங்கினார். மூன்றாம் வரிசையில் இருந்த அன்புச்செல்வி தன் செருப்பைப் பார்த்துக்கொண்டாள்.

விசாரணைக்கு முன்னால் குறைகளைத் தலைப்பு வாரியாகப் பிரிக்க வேண்டியிருந்தது. அதை நந்திதா தாமே செய்தார். “டீச்சர் எப்போதும் சாம்பல் கலர் சேலைதான்” என்று ஒருத்தி எழுதியிருந்தாள். அது தோற்றக் குறைபாடு. “சொன்ன ஜோக்கையே சொல்கிறார்” என்பது புத்தாக்கமின்மை. “மத்தியானம் சாப்பிடாமலே வார்டில் நிற்கிறார், எங்களோடு சாப்பிட்டால் என்ன?” என்பது நேர மேலாண்மைக் குறைபாடு. “மணிக்கட்டில் தட்டுகிறார்” என்பதற்கு எந்தத் தலைப்பும் சரியாகப் பொருந்தாததால் புதிதாக ஒன்று உண்டாக்கினார்: உடல்ரீதியான தாக்குதல்.

விசாரணைக் குழுத் தலைவராக ஒரு குறையும் இல்லாத ஆசிரியரை நியமிக்க வேண்டும் என்பது விதி. சீனியாரிட்டிப்படி பதவி வரிசையில் மேலே இருந்தது உடற்கூறியல். ஆள் வரவில்லை என்பதற்காக விதியை மீற முடியாது. தலைவர் நாற்காலியைக் காலியாக வைத்து, அதற்கு இரு பக்கமும் முதல்வரும் பாலகோபாலும் உட்கார்ந்தார்கள்.

“தட்டறது நெசந்தானுங்க,” என்றார் மெர்சி. “நோயாளிக்கு முன்னால கூச்சமா இருக்குதுன்னா அது நாயந்தான். இனிமே தட்டாம, கையை மட்டும் புடிச்சு நவுத்திக்கறேன். எழுதுன புள்ள நல்ல யோசனதான் சொல்லியிருக்குதுங்க.”

முதல்வர் கலவரமானார்.

“அப்புடிச் சட்டுன்னு ஒத்துக்கப்படாதுங்க. குறையை ஒத்துக்கறதுக்கு ஒரு நடைமுறை இருக்குது. இப்பவே நீங்க திருந்திட்டா, குழுவுக்கு என்னங்க வேலை?”

காலி நாற்காலியும் ஆட்சேபிக்கவில்லை. மெர்சியைத் திருத்தும் வழிகாட்டியாகப் பாலகோபால் நியமிக்கப்பட்டார். நந்திதா பெங்களூரிலிருந்து ஒரு முறையைத் தருவித்திருந்தார். மாணவியிடம் ஒரு குறை சொல்ல வேண்டுமானால் முதலில் ஒரு பாராட்டு, நடுவில் குறை, முடிவில் இன்னொரு பாராட்டு. அதைக் கேட்டுப் பாலுசாமிக்கு ரொம்பத் திருப்தி.

“நம்ம பேக்கரித் தேங்கா பன்னு மாதிரிங்க. மேலயும் பன்னு, கீழயும் பன்னு. நடுவுல என்ன இருக்குதுன்னே தெரியாம முழுங்கிறலாம்,” என்றார். அதிலிருந்து அதற்குத் தேங்காய் பன் முறை என்றே பெயர் வந்துவிட்டது. மாணவியைத் தொடக்கூடாது, பாராட்டு முடிவதற்குள் குறையை ஆரம்பிக்கக்கூடாது என்று இரண்டு துணைவிதிகளும் சேர்ந்தன.

முதல் பரிசோதனை ஆண்கள் வார்டில் நடந்தது. மதுக்கரையில் லாரிக்கு சிமெண்ட் மூட்டை ஏற்றும் சுப்பையன் காய்ச்சலில் படுத்திருந்தார். ஊசி போட வந்தவள் அன்புச்செல்வி. மெர்சி ஒரு பக்கம் நின்றார், விதிகள் தட்டச்சு செய்த அட்டையோடு பாலகோபால் மறுபக்கம் நின்றார். எழுதிய நாளிலிருந்து டீச்சரின் முகத்தைப் பார்க்க முடியாமல் இருந்தவள் அன்றும் தலையைத் திருப்பிக்கொண்டே ஊசியை எடுத்தாள். ஊசி உட்பக்கமாக நகர்ந்தது.

மெர்சியின் கை எழுந்தது. பாலகோபால் கனைத்தார். கை அந்தரத்தில் நின்றது.

“சிரிஞ்ச நீ ரொம்ப நல்லாப் புடிச்சிருக்கறே கண்ணு,” என்று மெர்சி ஆரம்பித்தார். பாலகோபால் தலையசைத்து அட்டையில் ஒரு டிக் போட்டார். “மருந்தும் சரியா ஏத்தியிருக்கறே. ஆனா எடம் மட்டும்…”

அதற்குள் ஊசி இறங்கி மருந்தும் உள்ளே போய்விட்டது. சுப்பையனின் கால் விலுக்கென்று இழுத்தது.

“ஏனுங்க,” என்றார் அவர் தலையணையில் முகம் வைத்தபடியே. “பாராட்டி முடிக்கறதுக்குள்ள குத்திப்போட்டாங்களே.”

“இப்ப ரெண்டாவது பாராட்டு,” என்று பாலகோபால் நினைவூட்டினார்.

சுப்பையனின் பாதம் மரத்துப்போனது. செருப்பு நிற்காமல் கழன்று விழுந்தது. அன்புச்செல்வி காலையும் மாலையும் போய்ப் பார்த்தாள். “எப்புடிங்க இருக்குது?” என்று கேட்டால், கட்டிலைப் பிடித்துக் காலை இழுத்துக்கொண்டே, “பரவால்லீங்க அம்மணி, நல்லாருக்குதுங்க,” என்பார். அவர் அப்படிச் சொல்லச் சொல்ல அவளுக்கு அழுகை வந்தது. ஒரு நாள் திட்டியிருந்தாலாவது தேவலாம். கால் பழையபடி ஆகச் சில மாதமாயிற்று. அதுவரை மூட்டை ஏற்ற முடியாது. அது எந்தத் தலைப்பிலும் வரவில்லை, மெட்டீரியலுக்குத் தலைப்பு கிடையாது.

குழு அவசரமாகக் கூடி அறிக்கை கொடுத்தது: “ஆசிரியர் மெர்சி திருத்தம் சொல்வதில் தாமதம் காட்டுகிறார்.” முன்பு சீக்கிரம் தட்டியது குற்றமாக இருந்தது, இப்போது தட்டாதது. அவரை வார்டிலிருந்து எடுத்து, தர மேம்பாட்டு அறையில் படிவங்களைக் கட்டுகளாகக் கட்டும் வேலைக்குப் போட்டார்கள். ஒப்பந்தம் ஜூனில் புதுப்பிக்கப்படுமா என்பது சான்றிதழ் அதிகாரி வந்து போனபின் முடிவாகும். வார்டில் அதன்பின் ஊசி போடும்போது பக்கத்தில் யாரும் நிற்கவில்லை. குறை சொல்ல ஆளில்லாததால் குறைகள் வெகுவாகக் குறைந்துவிட்டதாக நந்திதா அடுத்த வரைபடத்தில் காட்டினார்.

அன்புச்செல்விக்குச் சோறு இறங்கவில்லை. ஒரு நாள் துணிந்து முதல்வர் அறைக்குப் போனாள்.

“தட்டறாங்கன்னு எழுதுனது நானுங்க சார். டீச்சர் மேல தப்பு இல்லீங்க. எழுதுனதத் திருப்பி வாங்கிக்கறேனுங்க.”

கதிர்வேல் காதைப் பொத்திக்கொள்ளாத குறைதான்.

“பேர் போடாம எழுதச் சொன்னது உன்ற பாதுகாப்புக்கு அம்மணி. இப்ப நீயா வந்து பேரைச் சொன்னீன்னா, உன்ற பாதுகாப்ப நான் மீறுன மாதிரி ஆயிரும். அப்பறம் பேரில்லாத பேப்பர எந்தப் பேர்ல திருப்பிக் குடுக்கறது? நான் எதும் கேக்கல. நீ எதும் சொல்லல. போய்ப் படி கண்ணு.”

விடுதியில் வந்து தோழிகளிடம் சொன்னாள். ஒருத்தி சேலையைப் பற்றி எழுதியது தான்தான் என்று ஒத்துக்கொண்டாள். இன்னொருத்தி ஜோக்கு. சாப்பாட்டைப் பற்றி எழுதியவள் ஓவென்று அழுதேவிட்டாள். “நம்ம டீச்சர்னுதான எழுதுனேன், சிரிச்சுக்குவாங்கன்னு நெனச்சேன்,” என்றாள். எல்லாருக்கும் அதே நினைப்பு. மறுநாள் வகுப்பே திரண்டு முதல்வர் வாசலில் நின்றது.

“ஒருத்தி வந்து சொன்னா அது தனிப்பட்ட அபிப்பிராயம், கணக்குல எடுக்க முடியாது,” என்று கதிர்வேல் பொறுமையாக விளக்கினார். “அல்லாரும் சேந்து வந்து சொன்னா அது கூட்டம் கூடறது, ஒழுங்கு நடவடிக்க எடுக்கோணும். எத்தன பேர் வந்தாச் சரியா இருக்கும்னு நடைமுறைல சொல்லலீங்க. ஹால் டிக்கெட்ல இன்னும் நான் கையெழுத்துப் போடல, அத மட்டும் ஞாபகத்துல வெச்சுக்கங்க.”

வகுப்பு கலைந்தது. ஆனால் கூட்டத்தில் முன்னால் நின்ற முகம் முதல்வர் மனதில் தங்கிவிட்டது. சான்றிதழ் அதிகாரி வரும்போது மாணவியர் சார்பில் பேச அன்புச்செல்வியையே தேர்ந்தெடுத்தார். நன்றாகப் படிக்கிற பெண், புத்திசாலி, புரிந்துகொள்வாள் என்றார்.

அதிகாரியின் பெயர் ரசாக். இந்தக் கதையில் அவர் ஒரு தொந்தரவு, ஏனென்றால் மெய்யாகவே நல்ல மனுஷர். நீரூற்றைப் புகழவில்லை, இளநீர் குடிக்கவில்லை. நந்திதாவின் வரைபடங்களைப் பாதியில் நிறுத்தச் சொல்லிவிட்டு, மாணவியைக் கூப்பிடுங்கள் என்றார்.

அன்புச்செல்வி மேடை ஏறினாள். மேசையில் பாலுசாமியும் நந்திதாவும் கதிர்வேலும். கதிர்வேலின் முழங்கைக்குக் கீழே ரப்பர் பேண்டு போட்ட ஹால் டிக்கெட் கட்டு. அரங்கத்தின் கடைசியில், கதவோரம், படிவக் கட்டுகளைக் கையில் வைத்துக்கொண்டு மெர்சி நின்றார். அதே சாம்பல் சேலை.

“பயப்படாம சொல்லும்மா,” என்றார் ரசாக். “இந்தத் திட்டத்தால யாருக்காவது அநியாயம் நடந்திருக்கா? டீச்சர் யாருக்காவது, நோயாளி யாருக்காவது? நீ சொன்னா நான் எழுதிக்குவேன். அதுக்கு அப்புறம் யாராலயும் அதை அழிக்க முடியாது.”

பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தார். அப்படி ஒருவர் அந்தக் கல்லூரிக்கு அதற்கு முன்னும் வந்ததில்லை, பின்னும் வரவில்லை.

அவளுக்குச் சொல்ல வேண்டியதெல்லாம் தெரிந்திருந்தது. விடியற்காலையில் எழுந்து துணி துவைக்கிற கல்லின் முன்னால் சொல்லிப் பார்த்தும் இருந்தாள். சுப்பையனின் கால், அந்தரத்தில் நின்ற கை, காலி நாற்காலி. வாயைத் திறந்தாள். பாலுசாமி தாத்தா மாதிரிச் சிரித்துக்கொண்டிருந்தார். கதிர்வேல் ரப்பர் பேண்டை ஒரு விரலால் இழுத்து விட்டார். மேடையில் பெரியவர்கள், முன்னால் இத்தனை சனம், விருந்தாளி வேறு. அன்னூரில் பிறந்து வளர்ந்த நாக்கு தனக்குத் தெரிந்த ஒரே பாதையில் போனது.

“நல்லாருக்குதுங்க,” என்றாள்.

குரல் தெளிவாக இருந்தது.

ரசாக் இன்னும் கொஞ்சம் காத்துப் பார்த்தார். பிறகு பேனாவை மூடினார். அரங்கம் கை தட்டியது. கடைசியில் நின்ற மெர்சியின் கையில் கட்டு இருந்ததால் அவரால் தட்ட முடியவில்லை.

சான்றிதழ் வந்தது. தாயாரின் சிலைக்கு மேலே ஆளுயர எழுத்தில் ஏறியது. ஹால் டிக்கெட்டும் வந்தது. ஜூன் மாதம் மெர்சியின் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை. குறைகள் அறவே நீங்கிவிட்டதால் குறைகளுக்கான ஆசிரியர் இனித் தேவையில்லை என்று நந்திதா நாகரிகமாகவே ஒரு கடிதம் கொடுத்தார்.

பரீட்சை முடிந்த ஞாயிற்றுக்கிழமை அன்புச்செல்வி போத்தனூருக்குப் பஸ் ஏறினாள். மெர்சியின் வீடு ரயில்வே லைனை ஒட்டிய சின்ன வீடு. முன்னறையில் ஒரு தையல் மிஷின், அதன் மேல் தூசி படாமல் அந்தப் பொன்னாடை போர்த்தியிருந்தது. மெர்சிக்கு ஒரு நர்சிங் ஹோமில் வேலை கிடைத்திருந்தது. சொல்லிக்கொடுக்கிற வேலை இல்லை, இரவுப் பணி. தூங்கி எழுந்த முகத்தோடு கதவைத் திறந்தார்.

“வா கண்ணு, வா. பரீச்ச எப்புடி எழுதுனே?”

“எழுதியிருக்கறேனுங்க டீச்சர்.” நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள். பஸ்ஸில் வழியெல்லாம் அடுக்கி வைத்ததில் முதலாவதை எடுத்தாள். “டீச்சர், தட்டறாங்கன்னு எழுதுனது நானுங்க.”

“தட்டுனது நாந்தான கண்ணு. இருந்தத எழுதியிருக்கறே, அதுல என்ன தப்பு?” மெர்சி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். “எனக்கு உறுத்தறது அது இல்ல. அன்னிக்கு அந்த அட்டையப் பாத்துட்டுத் தட்டாம நின்னுட்டனே, அதுதான். தட்டியிருக்கோணும். அந்த மனுஷன் கால இழுத்துட்டுப் போனது இன்னும் கண்ணுலயே நிக்குது.”

மேடையில் அவள் சொன்ன வார்த்தையைப் பற்றி அவர் ஒன்றும் கேட்கவில்லை. அதைப் பற்றிச் சொல்லத்தான் அன்புச்செல்வி முக்கியமாக வந்திருந்தாள். அவர் கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள். அவர் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. வெளியே ஒரு கூட்ஸ் வண்டி போய் முடிந்தது.

“இரு, டீ வெச்சுக் கொண்டாரேன்,” என்று மெர்சி உள்ளே போனார். இரண்டு டம்ளர்களோடு வந்து ஒன்றை அவளிடம் கொடுத்தார். அன்புச்செல்வி ஒரு வாய் குடித்தாள்.

“டீ எப்புடி இருக்குது கண்ணு?”

“நல்லாருக்குதுங்க டீச்சர்.”

மெர்சி தன் டம்ளரை எடுத்து ஒரு வாய் குடித்தார். நிறுத்தினார். டம்ளரையும் அவளையும் பார்த்தார்.

“சர்க்கரையே போடல நானு,” என்றார். “முந்தியெல்லாம் சொல்லிப்போடுவியே.”

அன்புச்செல்வி தலை நிமிராமல் மீதி டீயையும் குடித்து முடித்தாள்.